முசரவாக்கம் ஏஞ்சலும் ஒரு டிஎன்ஏ ரிப்போர்ட்டும்

"என்னது? இன்னொரு தபா சொல்லுங்க" என்று புவனேஸ்வரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பக்கத்தில் மகன் சந்தோஷ்குமார் தறியில் உட்கார்ந்து டக்கு டக்கென்று அடித்துக்கொண்டிருந்ததில் பாதிதான் கேட்டது. அந்தப் பாதியே அவளுக்கு அதிகம்.

"ஆஸ்பத்திரி லேப்புலேர்ந்து பேசறேம்மா. உங்க வீட்டுக்காரர் தினகரன் டிஎன்ஏ ரிப்போர்ட் வந்துடுச்சு. அவரோட ஸ்டாஃபும் முசரவாக்கம் ஏஞ்சலோட ஸ்டாஃபும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போவுது. ரெண்டும் ஒரே குடும்பம்."

"ஏஞ்சல் யாரு?"

"எங்க நர்ஸும்மா. இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு. இங்க ரெண்டு ஏஞ்சல் இருக்கறதால ஊர் பேரு சேர்த்துச் சொல்லுவோம். நாளைக்குக் காலையில டாக்டர் ஏலவார்குழலி பார்க்கணுமாம். வீட்ல எல்லாரும் வந்துடுங்க."

புவனேஸ்வரிக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. பட்டு நூல் வாங்கினால் கடைத் தராசை நம்பாமல் வீட்டுத் தராசில் போடுவாள். வீட்டுத் தராசை நம்பாமல் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவாள். அப்படிப்பட்டவளிடம் போய் இந்தச் செய்தியைச் சொன்னால் சும்மா இருப்பாளா?

கணக்குப் போட்டாள். பெண்ணுக்கு இருபத்தைந்து வயது. தனக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். கல்யாணமான புதிதில் தினகரன் வெள்ளிக்கிழமை தவறாமல் முசரவாக்கம் பக்கம் போய்க்கொண்டிருந்தார். கேட்டால் "தறி பார்க்கப் போறேன்" என்பார். வீட்டிலேயே மூன்று தறி வைத்திருந்த மனுஷன்!

தினகரன் உள் அறையில் படுத்திருந்தார். குடலிறக்க ஆபரேஷனுக்குப் போனவர், புண்ணில் சீழ் பிடித்துப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு இப்போதுதான் வீடு வந்திருந்தார்.

"ஏங்க, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை முசரவாக்கத்துக்கு எதுக்குப் போனீங்க?"

தினகரனின் முகம் வெளிறிப்போனது. "அது... உனக்கு யாரு சொன்னது?"

"ரிப்போர்ட்ல வந்துடுச்சு."

"அதெல்லாமா ரிப்போர்ட்ல வருது? இத்தனை வருஷம் கழிச்சுமா?"

"வருதுங்க. எழுத்துக்கு எழுத்து வருது."

தினகரன் கண்களை மூடிக்கொண்டார். "தப்புதான் புவனா. சின்ன வயசு, ஆசையை அடக்க முடியல. வாரத்துக்கு ஒரு தபாதான் போவேன். வீட்ல எங்கப்பா பூண்டுகூடச் சேர்க்க விடமாட்டாரு, உனக்கே தெரியும். அங்க ஒரு மெஸ்ஸுல கோழி பிரியாணி அவ்ளோ நல்லா இருக்கும்."

கண்ணைத் திறந்தபோது எதிரில் யாரும் இல்லை. 'வாரத்துக்கு ஒரு தபாதான்' என்ற இடத்திலேயே புவனேஸ்வரி வெளியே போய்விட்டிருந்தாள்.

தறி நின்றது. "என்னம்மா ஆச்சு?" என்றான் சந்தோஷ்குமார்.

"உங்கப்பாவுக்கு முசரவாக்கத்துல ஒரு பொண்ணு இருக்குதுடா. நர்ஸு. பேரு ஏஞ்சல். டிஎன்ஏ ஒத்துப்போச்சாம்."

அவன் கையிலிருந்த, ஊடு நூல் ஓட்டும் நாடா கீழே விழுந்தது. "எந்த ஏஞ்சல்? முசரவாக்கம் ஏஞ்சலா? அப்போ... அவ எனக்குத் தங்கச்சியா?"

"வேற என்ன முறை?"

"ஐயோ! போச்சே, எல்லாம் போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். இருபத்தேழு வயதுப் பிள்ளை அப்படித் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்து புவனேஸ்வரிக்கு நெஞ்சு உருகியது. பெற்றவளுக்கு ஒரு துரோகம் என்றதும் இப்படித் துடிக்கிறானே!

"அழாதடா கண்ணு. நான் உசுரோட இருக்கற வரைக்கும் அந்தப் பொண்ணு இந்த வீட்டு வாசப்படி மிதிக்காது. இது சத்தியம்!"

அவன் இன்னும் சத்தமாக அழுதான்.

ரிப்போர்ட்டை மட்டும் நம்பினால் அவள் புவனேஸ்வரியா? நேரில் பார்த்துவிடுவது என்று ஷேர் ஆட்டோ பிடித்து முசரவாக்கத்தில் இறங்கினாள். நர்ஸ் வீடு என்றதும் முதல் ஆளே கையைக் காட்டினார். ஏஞ்சலின் அம்மா மரியம்மாள் வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் கணவர் ராஜவேலு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லாரி டிரைவர்.

"வாங்கம்மா, யாரு நீங்க?"

"பிள்ளையார்பாளையத்துலேர்ந்து வரேன். தினகரன் வீட்டுக்காரி."

மரியம்மாளின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பலே கைகாரி என்று புவனேஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

"எந்தத் தினகரன்மா?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வருவாரே, அந்தத் தினகரன்."

ராஜவேலு சாதத்திலிருந்து கையை எடுத்தார். "வெள்ளிக்கிழமையா? அப்பல்லாம் வெள்ளிக்கிழமைதானே எனக்கு பெங்களூரு லோடு?"

"யோவ், இந்தம்மா ஏதோ உளறிக்கினு இருக்குது. நீ சோத்தைத் தின்னு."

"நான் உளறுவேன்மா, டிஎன்ஏ உளறாது! என் வீட்டுக்காரர் டிஎன்ஏவும் உங்க பொண்ணு டிஎன்ஏவும் ஒண்ணு. ஆஸ்பத்திரியிலேயே சொல்லிட்டாங்க."

ராஜவேலு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அதான் மரியா, அவ மூக்கு என்னை மாதிரி இல்ல!"

"அது எங்க அம்மா மூக்குய்யா!" என்று கத்திய மரியம்மாள் துடைப்பத்தை எடுத்தாள். அது யாருக்காக என்று தெரிந்துகொள்ள புவனேஸ்வரி நிற்கவில்லை.

மறுநாள் காலை டாக்டர் ஏலவார்குழலியின் அறையில் இரண்டு குடும்பமும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ராஜவேலுவும் மரியம்மாளும் தனித்தனி பஸ்ஸில் வந்திருந்தார்கள். ஏஞ்சல் சுவரோரமாகத் தலைகுனிந்து நின்றாள். சந்தோஷ்குமார் கண் வீங்கி, பார்க்கப் பரிதாபமாக இருந்தான்.

விஷயத்தைக் கேட்ட டாக்டர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"அம்மா, ஸ்டாஃப்னா இங்க நர்ஸ் இல்ல. ஸ்டெஃபைலோகாக்கஸ்னு ஒரு கிருமி, அதைச் சுருக்கி ஸ்டாஃப்ங்கறோம். சார் புண்ணுல சீழ் பிடிக்க வெச்சது அதுதான். எங்க நர்ஸுங்க எல்லாரையும் சோதிச்சதுல ஏஞ்சல் மூக்குலயும் இருக்குது, அவங்களை ஒண்ணும் பண்ணாம. நாங்க படிச்சுப் பார்த்தது அந்தக் கிருமிங்களோட டிஎன்ஏ. மனுஷங்களோடது இல்ல."

"கிருமிக்குக்கூடவா டிஎன்ஏ?" என்றாள் புவனேஸ்வரி, நம்பாமல்.

தினகரனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "நம்ம தறியில பூ விழறதுக்கு மாட்டற டிசைன் அட்டை மாதிரி புவனா. அட்டையில ஒரு ஓட்டை தப்பா விழுந்துட்டா, அதுல நெய்யற அத்தனை சேலையிலயும் அதே இடத்துல அதே தப்பு வரும். அதை வெச்சே ஒரே அட்டையில நெய்ததுன்னு சொல்லிடலாம்."

"அதேதான் சார்! ரெண்டு கிருமியிலயும் அதே இடத்துல அதே தப்புங்க. ஒரு கிருமிதான் பெருகி ரெண்டு பேர்கிட்டயும் இருக்குது."

"அப்போ அந்த வெள்ளிக்கிழமை?" என்று புவனேஸ்வரி கணவர் பக்கம் திரும்பினாள்.

"பிரியாணிம்மா. கோழி பிரியாணி."

"வெள்ளிக்கிழமையிலயா? வீட்டுக்கு வாங்க, உங்களுக்கு இருக்குது!" என்றாள். சொல்லும்போதே சிரித்துவிட்டாள்.

ராஜவேலு மரியம்மாளின் கையைப் பிடிக்கப் போனார். அவள் உதறிவிட்டாள். சந்தோஷ்குமார்தான் தாங்கமுடியாமல் "தங்கச்சி இல்லம்மா! தங்கச்சி இல்ல!" என்று குதித்து, டாக்டர் காலில் விழப் போனான்.

"பார்த்தீங்களா, எம் புள்ளைக்கு அம்மான்னா உசுரு" என்று புவனேஸ்வரி மரியம்மாளிடம் பெருமையாகச் சொன்னாள். நல்லவேளை, எந்தப் பெண்ணும் தன் வீட்டுக்குள் வரப்போவதில்லை. அவளுக்கு மனசு லேசாகிவிட்டது.

டாக்டர் முகம் மட்டும் தெளியவில்லை. "எனக்குத்தான் இன்னும் சந்தேகமா இருக்குது. சார் இருந்தது முதல் மாடி. ஏஞ்சலுக்கு வேலை மூணாவது மாடி, டயாலிசிஸ்ல. ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டதே இல்ல. இந்தக் கிருமி பெரும்பாலும் கை பட்டுத்தான் பரவும். நடுவுல யாரோ ஒருத்தர் ரெண்டு பேரையும் தொட்டிருக்கணும். அது யாருன்னு தெரிஞ்சாத்தான் இதை நிறுத்த முடியும். அதுக்குத்தான் எல்லாரையும் வரச் சொன்னேன்."

சந்தோஷ்குமார் குதிப்பதை நிறுத்தினான்.

புவனேஸ்வரிக்கு மறுபடியும் சந்தேகம் சுறுசுறுப்பாகிவிட்டது. "விடாதீங்க டாக்டர்! எம் புள்ள பன்னெண்டு நாளும் அப்பா கூடவே இருந்து, புண்ணுல கசியறதையெல்லாம் தன் கையால தொடைச்சு எடுத்தான். அவன் பட்ட பாடெல்லாம் வீணாப்போகற மாதிரி எவனோ கையைக் கழுவாம சுத்திக்கினு இருந்திருக்கான். யாரா இருந்தாலும் இங்கயே, இப்பவே கண்டுபிடிச்சாகணும்!"

வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த வார்டு ஊழியர் துளசி, மாப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கா இவ்ளோ கஷ்டப்படறீங்க டாக்டரம்மா? பன்னெண்டு நாளும் அப்பாவுக்குப் புண்ணு தொடைச்சிட்டு நேரா மொட்டை மாடிக்குப் போயி, ஏஞ்சல் சிஸ்டர் கையைப் புடிச்சிக்கினு உக்காந்திருந்தது இந்தத் தம்பிதானே!"