ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஆட்டம்

மலேசியாவிலேயே பயத்துக்குப் பயிற்சி எடுத்தவள் எங்கள் சக்கரம் ஒருத்திதான். மற்றவர்கள் பயத்தை மறைப்பார்கள். இவள் தினமும் சாயங்காலம் அதை வரவழைத்து, எதிரே உட்கார வைத்துப் பழகினாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ரவாங்கில் ஒரு ஃபேக்டரியின் பெண்கள் ஹாஸ்டலில் நானும் அவளும் ஒரே அறை. அவள் பத்தாங் காலி பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். அப்போது எங்கே பார்த்தாலும் ரோலர் ஸ்கேட்டிங் பைத்தியம். நாங்களெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தால் போதும் என்றிருக்க, அவள் சக்கரக் காலணியோடு துள்ளி, காற்றில் சுழன்று, ஒற்றைக் காலில் இறங்கினாள். அன்றோடு அவளுடைய சொந்தப் பெயர் போய், சக்கரம் என்றாயிற்று.

எல்லோரும் படுத்த பிறகு ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஒதுக்கிவிட்டுத் தனியாக ஆடுவாள். விழுந்ததே இல்லை. அந்தத் தைரியத்தில் கோலாலம்பூரில் நடந்த ஸ்கேட்டிங் நடனப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். அங்கே பெயரைக் கூப்பிட்டதுமே பயம் வந்துவிட்டது. முதல் துள்ளலிலேயே விழுந்தாள். எழுந்து ஆட்டத்தைத் தொடர்ந்திருக்கலாம். அவளோ நேரே நடுவர்கள் மேசைக்குச் சக்கரத்திலேயே உருண்டு போய், "சாரி லா சார், நேத்து நல்லா வந்துச்சு," என்றாள். பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சில நாள் சக்கரக் காலணி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. பிறகு ஒரு சாயங்காலம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஜிகினா வைத்த போட்டி உடுப்போடு வந்து நின்றாள்.

"எனக்கு ஆட வருது. யாராச்சும் பாத்தாத்தான் வர மாட்டேங்குது. அதனால நீங்க பாருங்க. ஆனா சிரிக்கக் கூடாது. அங்க ஒருத்தரும் சிரிக்கல."

மீன் குழம்பு ஆறிக்கொண்டிருக்க, துக்கம் கேட்க வந்தவர்கள்போல் வரிசையாக உட்கார்ந்தோம். தலைமை நடுவர் எங்கள் வார்டன். எப்படி ஆடினாலும் பத்துக்கு ஐந்துதான் போடுவார்.

"அஞ்சுதானா அக்கா?"

"சாப்பாட்டு நேரத்துல ஆடுறதுக்கு இதுவே அதிகம்."

ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஆட்டம் என்பது சக்கரம் வைத்த விதி. நாங்கள் பார்க்க ஆரம்பித்ததும் அவள் விழ ஆரம்பித்தாள். "இன்னொரு தடவை ஆடேன்டி, யாரு கேக்கப் போறா?" என்றேன்.

"அங்க யாரு குடுப்பா இன்னொரு தடவை?" என்று காலணியைக் கழற்றிவிட்டாள்.

வீண் பிடிவாதம் என்று நினைத்தேன். மாதங்கள் போகப் போக விழுவது குறைந்தது. அதைவிட, விழுந்தால் அவள் முகம் மாறுவது நின்றுபோனது. நல்ல நாளோ கெட்ட நாளோ, ஆடி முடித்ததும் ஒரே மாதிரி வந்து தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டாள்.

அடுத்த வருடப் போட்டிக்கு நானும் வார்டனும் கூடவே போனோம். அவள் முறை வருமுன் கையைப் பிடித்துப் பார்த்தேன். சில்லென்றிருந்தது.

"இன்னும் பயமா இருக்காடி?"

"இருக்கு. தினமும் வர்றதுதானே. இன்னைக்கு மட்டும் வராமப் போயிடுமா?"

முதல் துள்ளலில் தடுமாறி, கை தரையில் பட்டுவிட்டது. மறுபடியும் மன்னிப்புக் கேட்கக் கிளம்பிவிடுவாளோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் அடுத்த சுழற்சியில் இருந்தாள். கடைசித் துள்ளலிலிருந்து அலட்டிக்கொள்ளாமல் இறங்கி, குனிந்து வணங்கினாள்.

நான்காவது இடம். கோப்பை முதல் மூன்று பேருக்குத்தான். வார்டன் விடுவிடுவென்று நடுவர்களிடம் போய், "இந்தப் பிள்ளைக்கு நீங்க போட்ட மார்க் பத்தாது. நான் தினமும் பாக்குறேன்," என்று வாதாடினார். சக்கரம்தான் போய் இழுத்து வந்தாள்.

"நீங்களே அஞ்சுக்கு மேல போட்டதில்லையே, அக்கா."

"நான் குறைப்பேன். வெளியாளு எப்படிக் குறைக்கலாம்?"

சக்கரம் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். உடுப்பின் ஜிகினா கையில் குத்திக்கொண்டே வந்தது. கொஞ்ச நேரத்தில் தோள் மரத்துப்போயிற்று. ரவாங் வரும்வரை நான் அசையவில்லை.