பிரெஞ்சு நடிகரின் வாழ்க்கையை நான் மொழிபெயர்த்த மாலை

கல்யாணம் நிச்சயமாகி, தாலி மட்டும் ஏறாமல் இருக்கிற பெண்ணின் வாயில் 'எனக்குத் தெரியாது' என்ற வாக்கியம் வராது. சமைக்கத் தெரியுமா என்றால் தெரியும். தைக்கத் தெரியுமா என்றால் அதுவும் தெரியும். கேட்கிறவர் மாமியார் வீட்டு ஆளாக இருந்தால் கிணறு வெட்டக்கூடத் தெரியும். எனக்குப் பிரெஞ்சு தெரிந்திருந்ததும் அந்த வகையில்தான்.

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் நான் பிரெஞ்சு டீச்சர். ப்ளஸ் டூவில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்தால் மார்க் ஜாஸ்தி வரும் என்று யாரோ சொல்ல, அப்பா என்னை அதில் சேர்த்துவிட்டார். மார்க்கும் வந்தது. கேள்வியும் பதிலும் கைடில் இருக்கும். படித்து எழுதினால் போதும். பிறகு புதுச்சேரியில் ஒரு டிப்ளமா. (அங்கேயும் கைடு இருந்தது.) அதே முறையில் நானும் பாடம் நடத்தினேன், என் பிள்ளைகளும் மார்க் வாங்கினார்கள். நிஜமான பிரெஞ்சுக்காரர் ஒருவர் எதிரில் வந்து நிற்காதவரை நாங்கள் எல்லோரும் சௌக்கியமாகவே இருந்தோம்.

எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை சேகரின் அப்பா, கோதண்டம் மாமா, சிதம்பரத்தில் உரக்கடை வைத்திருந்தார். கடையில் உட்கார்ந்திருப்பாரே தவிர மனசெல்லாம் நாடகத்தில். உள்ளூர் நாடக மன்றத்துக்கு அவர்தான் செயலாளர், அவர்தான் கதாநாயகன், ஆள் கிடைக்காத அன்று கதாநாயகனுக்கு அம்மாவும் அவர்தான். புதுச்சேரியில் விடுதி நடத்தும் சிநேகிதர் ஒருவர் மூலம் அவருக்கு ஒரு செய்தி வந்தது. லூசியன் பெர்வால் என்ற வயதான பிரெஞ்சு நடிகர், நாடகத்திலும் சினிமாவிலும் ஆயுளைக் கழித்தவர், கோயில் பார்க்கச் சிதம்பரம் வருகிறார். உள்ளூர் நாடகக்காரர்களைச் சந்தித்துத் தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசவும் சம்மதித்திருக்கிறார். மாமா ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைப் பிடித்தார். மொழிபெயர்க்கப் புதுச்சேரியிலிருந்து ஒருவர் வருவதாக ஏற்பாடு. அன்று காலை அந்த மனிதருக்குக் காய்ச்சல்.

மாமா எனக்குப் போன் செய்தார்.

"மங்க, நீ இருக்கசொல்ல நான் எதுக்கும்மா கவலப்படணும்? மத்தியானம் பஸ்ஸு ஏறி வந்துடு."

"மாமா, அது வந்து, பேசறதுன்னா..."

"பெரிசா ஒண்ணும் இல்ல. அவரு சொல்றத நீ சொல்லப் போற. அவ்ளோதான். நம்ம சொந்தக்காரங்கள எல்லாம் வரச் சொல்லிட்டேன். மருமவ பிரெஞ்சு பேசறத அவுங்களும் பாக்கட்டும்."

நான் "சரிங்க மாமா" என்றேன். பக்கத்தில் நின்ற அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவருக்கும் என் மார்க் மட்டும்தான் தெரியும்.

பஸ்ஸில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டேன். குடிகாட்டுத் தொழிற்சாலைகளைத் தாண்டும்போது வழக்கமான கெமிக்கல் நெடி வர, எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. பயத்தில் மூக்கும் அடைத்துப்போகும் என்று அன்றுதான் அறிந்தேன்.

கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் என் வருங்கால மாமியாரும் அவருடைய தங்கைகளும் பட்டுப்புடவையில். பின்னால் மன்றத்து ஆட்கள். மைக்செட்காரர் பக்கத்தில் சேகர், என்னைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு. பெர்வால் நெட்டையாக, பஞ்சு போன்ற தலையோடு, புதுச்சேரியில் வாங்கிய ஜிப்பா போட்டுக்கொண்டு வந்தார். கரகரத்த மெல்லிய குரலில் என்னிடம் நீளமாக ஏதோ சொன்னார். அதில் 'போன்ழூர்' என்பதும் 'சிதம்பரம்' என்பதும் புரிந்தன. "உய், முசியே" என்றேன், ஆமாம் ஐயா என்று. அவர் முகம் மலர்ந்தது. பாவம், எனக்குப் புரிகிறது என்று நம்பிவிட்டார்.

அவர் பேச ஆரம்பித்தார். கைடில் பிரெஞ்சு வார்த்தைக்கு வார்த்தை இடம்விட்டு நிற்கும். இவர் வாயில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஆறாத அல்வா மாதிரி வந்தன. நடுநடுவே தெரிந்த வார்த்தை ஒன்று தலைகாட்டும். அதைப் பிடித்துக்கொண்டு மீதியை நானே கட்ட வேண்டும்.

'பியேஸ்' என்று ஒரு வார்த்தை வந்தது. எங்கள் பாடத்தில் பியேஸ் என்றால் வீட்டின் அறை. (நாடகத்துக்கும் அதே வார்த்தைதான் என்று கைடு எனக்குச் சொல்லவில்லை.) அடுத்து 'ஃபூர்'. அது அடுப்பு. அவர் உண்மையில் சொன்னது, "என் முதல் நாடகம் படுதோல்வி." பிரெஞ்சு நாடகக்காரர்கள் தோல்வியை அடுப்பு என்பார்களாம். நான் மைக்கில் சொன்னேன்:

"இவருடைய முதல் அறை அடுப்பு மாதிரி இருக்குமாம்."

அப்போது ஊரில் பவர் கட் உச்சத்தில் இருந்த நேரம். கூடமே ஆமோதித்துத் தலையாட்டியது. "அங்கயும் அதே கததானா?" என்று பின்னாலிருந்து ஒருவர் வருத்தப்பட்டார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அதன்பிறகு பெர்வாலை அந்த அறையில் விளையாட வைத்தேன், திரைப்படங்களைச் சுற்றிப் பார்க்க வைத்தேன். (பிரெஞ்சில் நடிப்பதற்கும் விளையாடுவதற்கும் ஒரே வார்த்தை, படம் எடுப்பதற்கும் சுற்றுவதற்கும் ஒரே வார்த்தை.) நடிகர் என்பதற்கான அடையாளமே இல்லாத ஒரு வாழ்க்கை என் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. மாமியாரின் தங்கைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

பிறகு பெர்வாலின் குரல் தாழ்ந்தது. மெதுவாகப் பேசினார். மூன்று வருடம் என்பது தெளிவாகப் புரிந்தது, இழந்தேன் என்பதும் புரிந்தது. எதை என்றால், 'வுவா'. வுவா எனக்கு நன்றாகத் தெரியும். ரயில் நிலையம் பற்றிய பாடத்தில் வரும், பிளாட்பாரம். சொல்லிக்கொண்டே அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். தாகம் போலிருக்கிறது என்று சோடா கொண்டுவரச் சொல்லிவிட்டு, மைக்கைப் பிடித்தேன்.

"இவரு மூணு வருஷம் பிளாட்பாரம் தெரியாம ரயிலடியிலயே இருந்துட்டாரு."

கூடம் சிரித்தது. அடக்கமான சிரிப்பு இல்லை. தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். "யாரையாவது கேட்டுருக்கலாம்ல" என்றார் ஒருவர். பெர்வால் கையில் சோடாவோடு அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. எங்கே தப்பு நடந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சோடாவை ஒரு வாய் குடித்து, பாட்டிலைப் பத்திரமாக மேஜையில் வைத்துவிட்டு, கூடத்தின் நடுவில் போய் நின்றார்.

எதிரில் இல்லாத பெரிய சபைக்கு வணக்கம் செலுத்தினார். நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. சின்னதாக ஒரு சிரிப்போடு மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி திறந்தார். வரவில்லை. கை மெல்ல எழுந்து தொண்டைக்குப் போனது. கூடத்தில் சிரிப்பு அப்படியே நின்றது.

கோதண்டம் மாமா என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்வதாக நினைத்து, நான் பிடித்திருந்த மைக்கிலேயே சொன்னார்:

"ரயிலடி இல்லம்மா. அவருக்குக் கொரலு போயிடுச்சு."

குரலுக்கும் பிரெஞ்சில் வுவாதான்; அதையும் கைடு எனக்குச் சொல்லவில்லை. மாமா என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு நடந்ததை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் சொல்வார்கள். பெர்வால் ஒரு வார்த்தை பேசாமல் நடிக்க, பிரெஞ்சில் ஒரு எழுத்துத் தெரியாத மாமா அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். "இப்ப மத்தவங்க நடிக்கறத ஓரமா நின்னு பாக்குறாரு. வசனமெல்லாம் இவருக்கு மனப்பாடம். ஒதடு மட்டும் ஆடுது பாருங்க." இல்லாத கண்ணாடி முன் நின்று பெர்வால் ஒரு ஒலிக்காகத் தவித்தபோது மாமாவும் பேச்சை நிறுத்திவிட்டார். கடைசியில் பெர்வாலின் தொண்டையிலிருந்து 'ஆ' என்று உடைந்த ஒரு சத்தம் வந்தது. முன்வரிசையில் மாமியார் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து சினிமா. எல்லாப் படத்திலும் அவரைச் சாகடித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அவர் விழ விழ, மாமா சளைக்காமல் அறிவித்தார்: "சுட்டுட்டான். தூக்குல போட்டுட்டாங்க. குதுர தள்ளிடுச்சு. இது வெசம்... இல்ல, பொண்டாட்டி சமையலு." பெர்வாலுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சிரிப்பு வருகிற இடம் சரியாக இருந்ததால் மாமாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுத்த சாவுக்குப் போனார்.

நான் மடியில் அகராதியோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மாமியாரின் தங்கை கேட்டது காதில் விழுந்தது. "பொண்ணு பிரெஞ்சு டீச்சருன்னு சொன்னீங்களே, அக்கா?" கல்யாணம் நின்றுவிட்டது என்றே முடிவு செய்து, திரும்பிப்போக எத்தனை மணிக்குப் பஸ் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

கை கழுவுகிற இடத்தில் போய் அழுதுகொண்டிருந்தபோது பெர்வால் வந்தார். மாமா கொடுத்த பண்ருட்டி முந்திரிப் பொட்டலம் கையில் இருந்தது. என்னைப் பார்த்து, "ஃபூர்" என்றார். அங்கே இல்லாத காலி நாற்காலிகளைக் கையால் வரிசையாகக் காட்டினார். இல்லாத திரையைச் சடாரென்று இறக்கினார். தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, என்னைச் சுட்டி, நாம் இரண்டு பேரும் என்பதுபோல் விரல்களைச் சேர்த்துக் காட்டிவிட்டு, பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினார். மனிதர் ஒருவர் வாயிலிருந்து நான் முதன்முதலாகச் சரியாகப் புரிந்துகொண்ட பிரெஞ்சு வார்த்தை அது.

அவர் கார் ஏறியதும் மாமாவிடம் போனேன்.

"மாமா, எனக்குப் பேச வராது. புத்தகத்துல இருக்கறது மட்டும்தான் தெரியும்."

அவர் முகத்தில் இன்னும் மேடையின் வெளிச்சம் இருந்தது. "அதனால என்னா? எனக்குந்தான் ஒரத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது. மூட்டையில எழுதியிருக்கறதப் படிச்சித்தான் விக்கறேன்." பிறகு கொஞ்சம் யோசித்து, "நீ மட்டும் நல்லாச் சொல்லியிருந்தா நான் எங்க மைக்க வாங்கியிருக்கப் போறேன்?" என்றார்.

கல்யாணம் குறித்த தேதியிலேயே நடந்தது. நானும் வைராக்கியமாகப் புதுச்சேரிக்குப் போய், கைடு இல்லாமல், பேசிப் பேசியே பிரெஞ்சு கற்றுக்கொண்டேன். இன்று எனக்கு நிஜமாகவே வரும். ஆனால் எங்கள் வீட்டில் அதை நம்புவதற்கு ஆள் கிடையாது. மொழிபெயர்ப்புப் பதவி அன்றைக்கே மாமாவிடம் போய்விட்டது. மாமியார் பேசாமல் தட்டை நங்கென்று வைத்தால் அதற்கு அர்த்தம் சொல்வதும், கைக்குழந்தை அழுதால் என்ன கேட்கிறது என்று அறிவிப்பதும் அவர்தான்.

போன மாதம்கூடக் கோயில் வாசலில் ஒரு பிரெஞ்சுத் தம்பதி பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டார்கள். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சேகர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இரு, அப்பாவக் கூப்பிடறேன்."