கிராண்டு வெட்டிய தார்ப்பாய்

கள்ளக்குறிச்சியில் ஆரம்பித்து வெள்ளிமலை உச்சி வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், அரசாங்கத்திடம் கூச்சமில்லாமல் கேட்கத் தெரிந்த மனுஷன் ஒருத்தர்தான். தையல்காரர். மானியத்தை இங்கிலீஷில் ‘கிராண்டு, கிராண்டு’ என்றே சொல்லித் திரிந்ததில், ‘கிராண்டு’ என்றால்தான் ஊருக்குத் தெரியும். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஆனால் எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை, எதற்குக் கக்கூஸ் இல்லை என்பதெல்லாம் அத்துப்படி. பஜ்ஜி மடித்து வந்த பேப்பரில்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டு மானியத் திட்டம் தேடுவார். பொங்கலுக்குத் தைக்கக் கொடுத்த சட்டை தீபாவளிக்குத்தான் வரும்.

நான் மூணாங்கிளாஸோடு நின்றவன். சாமை வியாபாரத்தில் சொந்த லாரி வாங்கியவன். லாரி இருக்கிறது என்கிற ஒரே தகுதியில் வெள்ளிமலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு என்னைக் கமிட்டித் தலைவர் ஆக்கிவிட்டார்கள். அது கீற்றுக் கொட்டகை. மழை வந்தால் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடுவார்கள். பாதிப் பேர் அப்படியே ஆடு மேய்க்கப் போய்விடுவார்கள். கிராண்டு மனுப் போட்டு, ரெண்டு காரை ரூமுக்கு மானியம் வருகிற மாதிரி இருந்தது. அதிகாரி ஒருமுறை வந்து பார்த்து எழுதினால் போதும்.

“தலைவரே, எதையும் தொடாதீங்க. ஓட்ட ஓட்டயாவே இருக்கட்டும்,” என்றார் கிராண்டு.

பெரிய மனுஷன் வருகிற இடத்தில் ஓட்டையைக் காட்டுகிற வம்சமா நான்? சுண்ணாம்பு அடித்தேன். வாழைமரம் கட்டினேன். கல்யாண மண்டபத்திலிருந்து பெஞ்சு இறக்கினேன். கூரைமேல் என் புது லாரித் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன்.

அதிகாரி சுற்றிப் பார்த்தார். “எங்க ஆபீசே இவ்ளோ நல்லா இல்லீங்க,” என்றார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். அவர் ‘கட்டடம் தேவையில்லை’ என்று எழுதினார்.

“இன்னா தலைவரே, பிச்சைக்குப் போறவனுக்குப் பட்டு வேட்டி கட்டி வுட்டீங்களே,” என்றார் கிராண்டு.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டக் காலம். அடிவாரத்தில் மரத்தை வெட்டி ரோட்டில் சாய்த்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. அதிகாரியின் ஜீப் மலையிறங்க வழியில்லை. மேகம் வேறு கறுத்தது. மழைக்கு ஒதுங்க அவரை நான் வேறு இடத்துக்குக் கூப்பிட்டேன்.

கிராண்டு குறுக்கே வந்தார். “எதுக்குங்க? நல்லா இருக்குதுன்னு நீங்களே எழுதிட்டீங்க. இங்கயே குந்துங்க.”

சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய், ஏணி போட்டு ஏறி, தார்ப்பாய்க் கயிறுகளைத் தையல் கத்தரிக்கோலால் நறுக்கினார். கயிறோடு தார்ப்பாயும் ஒரு முழம் போச்சு.

மழை பிடித்தது. அதிகாரி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மூலை மூலையாய்ப் போனார். மூலை எல்லாம் ஒழுகியது. நான் அடித்த சுண்ணாம்பு அவர் சட்டையில் கரைந்து இறங்கியது. கிராண்டு மட்டும் குடையோடு நின்றார்.

“யோவ், அந்தக் குடையக் குடுய்யா. நான் மாத்தி எழுதிடறேன்.”

“நீங்க எழுதுங்க சார். எழுதி முடிக்கிற வரிக்கும் நான் புடிச்சிக்கினு நிக்கிறேன்.”

ரூம் வந்தது. கல்வெட்டில் என் பேர்தான், பெரிய எழுத்தில். உங்கள் பேரையும் போடலாம் என்றேன். “பேரு வாணாம் தலைவரே. ஒரு பீரோவுக்கு எடம் வுடுங்க. அதுக்கும் ஒரு கிராண்டு கீது,” என்றார்.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. எனக்கு இப்போது கார் இருக்கிறது. சுற்றுச்சுவர் இல்லாத பள்ளிக்கூடம் எதையாவது தாண்டினால், “கிராண்டு, இதப் பாத்தீங்களா?” என்று பக்கத்து சீட்டுப் பக்கம் திரும்பிவிடுகிறேன்.