ஐந்தாவது சொலாஞ்

பிள்ளை பார்க்க வருகிறவர்கள் இரண்டு வகை. பால்சுறா மீன் கொண்டு வருகிறவர்கள் ஒரு வகை. அவர்களால் தாய்க்குப் பால் ஊறும். மற்றவர்கள் பெயர் கொண்டு வருகிறவர்கள். திருகோணமலைத் துறைமுகத்தடியில் இந்த இரண்டாவது இனத்தின் தலைமகன் டொமினிக் ஐயா. பெண்பிள்ளை என்று காதில் விழுந்தால் போதும், சலவைச் சட்டையைப் போட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, கோயிலுக்குப் போகிறவரைப்போல நடந்து வந்து, இருக்கிறதில் நல்ல கதிரையில் இருந்து, தாயின் முகத்தையும் பாராமல், "பிரெஞ்சில ஒரு பேர் இருக்கு" என்பார்.

பிரான்சுக்குப் போனவரா? கிண்ணியாத் துறையைத் தாண்டினவரில்லை. தண்ணீர் பிடிக்க வந்த பிரெஞ்சுக் கப்பலின் மாலுமி ஒருவன், நான்கு இளநீருக்குப் பதிலாகக் கொடுத்த கலண்டர்தான் அவருடைய பிரான்ஸ். நாளுக்கொரு புனிதரின் பெயர் அச்சடித்த கலண்டர். மற்ற மாதங்களை மனைவி அலுமாரித் தட்டுகளில் விரித்துவிட, மிஞ்சியது மே மாதம். அதில் ஆண் புனிதர்களைக் கழித்தால் ஐந்து பெயர். அந்த ஐந்தில் அவருடைய வாய்க்குச் சுகமாக வருவது ஒன்று.

"சொலாஞ்" என்பார், கண்ணை மூடி. "ஒரு கிழமையாத் தேடி எடுத்தனான். இந்தத் துறைமுகத்தில ஒருத்தருக்கும் இல்லை."

கிண்ணியா அபூதாஹிரின் மகளுக்கும் கேளாமலே ஒன்று எடுத்துப் போனார். "பேர் வைக்க எங்கட வாப்பா இருக்கார், நீங்க தேத்தண்ணியக் குடிங்க" என்று அபூதாஹிர் முடித்துவிட்டார்.

புதிதாகப் பெண்பிள்ளை பெற்ற இன்பமலருக்கு அப்படி முடிக்க ஏலவில்லை. அவளுடைய புருசனுக்குத் துறைமுகத்தில் வேலை எடுத்துக் கொடுத்தவர் டொமினிக். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்தில் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிற்கப்போகிறவரும் அவரே. அவளோ, மாசியில் செத்த தன் தாய் அன்னம்மாவின் பெயரை வைக்க இருந்தாள்.

"என்ர அம்மாட பேர்..." என்று தொடங்கினாள்.

"பிள்ளை, அது குசினிப் பேர். சொலாஞ் முன்விறாந்தைப் பேர்."

புருசன் நிலத்தைப் பார்த்தான். வேலை எடுத்துக் கொடுத்தவர் இருக்கும்போது ஆண்கள் பார்க்கிற இடம் அது.

வியாழக்கிழமை பிள்ளையை நிறுக்கக் கிளினிக்குக்குப் போனாள். மருத்துவிச்சி மரியமலர் அட்டையைப் பார்த்து, "சொலாஞ்" என்று கூப்பிட்டார். நான்கு தாய்மார் எழும்பினார்கள்.

"எந்தச் சொலாஞ்?" என்று ஒரு தாய் கேட்டாள்.

"டொமினிக் ஐயா வைச்சதோ, மிஸ்ஸி?" என்றாள் இன்னொருத்தி.

"நாலும் அவர் வைச்சதுதானே. அதுக்குத்தான் நம்பர் போட்டிருக்கிறன். மூண்டாம் சொலாஞ் வரட்டும். போன மாதம் ரெண்டாம் சொலாஞ்சின்ர ஊசியும் இந்த மூண்டுக்குத்தான் விழுந்தது, பாவம்." பிறகு இன்பமலரைப் பார்த்தார். "உங்கட பிள்ளைக்கு என்ன எழுத? சொலாஞ் எண்டால் சொல்லுங்கோ, அஞ்சு போட்டுவிடுறன்."

"ஞாயிற்றுக்கிழமை சொல்லுறன், மிஸ்ஸி."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிள்ளைக்கு என்ன பெயர் என்று தண்ணீர் ஊற்றுகிற சுவாமி கேட்டால் ஞானத்தகப்பன் பதில் சொல்வது அந்தக் கோயிலின் வழக்கம். சுவாமி கேட்டார். மற்றவர்கள் என்றால் வாயைத் திறந்து சொல்வார்கள். இந்த இனம் அப்படிச் சொல்லுமா? டொமினிக் தொண்டையைச் செருமினார். லேஞ்சியை எடுத்து வாயை ஒற்றினார். கண்ணாடியை மாட்டினார். பொக்கற்றிலிருந்து நாலாக மடித்த மே மாதத்தை எடுத்து, ஒவ்வொரு மடிப்பாக விரித்தார். பின்னால் இன்னும் இரண்டு பிள்ளைகள் வீரிட்டுக்கொண்டிருந்தன. சுவாமி செம்பைச் சரித்தபடி நின்றார்.

"அன்னம்மா" என்றாள் இன்பமலர்.

தண்ணீர் விழுந்தது. விழுந்த தண்ணீரைத் திருப்பி எடுக்க ஏலாது.

புருசன் டொமினிக்கின் முகத்தைப் பார்த்தான். திங்கட்கிழமை வேலை இருக்குமா? டொமினிக் கடதாசியைத் திரும்பவும் நாலாக மடித்தார். கோயில் வாசலில் பட்டீஸ் கடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு நடுவில் அவருடைய குரல் கேட்டது.

"அன்னா எண்டதும் பிரெஞ்சில இருக்கிற பேர்தான். நான் சொல்ல வெளிக்கிட்டதே அதுதான், பிள்ளை முந்திக்கொண்டிட்டாள். ஒரு கிழமையாத் தேடினனான்."

வேலை தப்பியது. அதைவிட, அவருடைய இனமும் தப்பியது. அது தோற்றதாகச் சரித்திரமே இல்லை.

சிரிக்கிறீர்களா? கடைசியாக நீங்கள் பிள்ளை பார்க்கப் போனபோது, தாய் சாப்பிட்டாளா, நித்திரை கொண்டாளா என்று கேட்கமுன் உங்கள் வாயில் வந்தது என்ன? பெயரா? அப்படியென்றால், அடுத்த முறை போகும்போது ஒரு பால்சுறாவை வாங்கிக்கொண்டு போங்கள். அதற்குப் பிரெஞ்சில் என்ன பெயர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.