நெற்றிக்குப் போன கை

ஞாயிறு பூசை முடிந்ததும், கை குலுக்கலாம் என்றுதான் எர்மினியா கையை நீட்டினாள். நார்சீசோ அந்தக் கையைப் பிடித்தார், குனிந்தார், தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

"ஆசி தாங்கம்மா."

எர்மினியா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். பிலிப்பீன்ஸ்காரர்கள் நாங்கள் யார் கையை நெற்றியில் ஒற்றிக்கொள்வோம்? தாத்தா, பாட்டி, பெரியப்பா, பல் விழுந்த ஞானத்தாய். எர்மினியாவுக்கோ இப்போதுதான் ஐம்பத்தாறு. நார்சீசோ அவளைவிட நாலைந்து கிறிஸ்துமஸ் கூடுதலாகவே பார்த்தவர்.

வேறு யாராவது செய்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் போன வாரம் அந்த மனிதர் சமைத்துக் கொண்டுவந்த கோழி அடோபோவைத் தின்றுவிட்டாளே! தென்னங்கள்ளுக் காடி ஊற்றிய, அவள் பிறந்த பொஹோல் தீவின் அசல் ருசி. இத்தனை வருஷ நியூயார்க்கில் யாரும் தராத ருசி. சமைத்தவர் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், மருமகள் திவினா வீட்டுக்கு வந்து தங்கியிருக்கிறார் என்று கேட்டறிந்த அன்றே அவள் மனசு அவரிடம் போய்விட்டது.

"எங்க ஆஸ்பத்திரியில தொண்ணூறு வயசு வெள்ளைக்காரர்கூட என்னைப் பேர் சொல்லித்தாண்டி கூப்பிடுறார்," என்று அறைத்தோழி லூஸ்வியிடம் புலம்பினாள். "அங்க யாருக்கும் வயசே கிடையாது. நம்ம ஜனங்ககிட்ட வந்தா மட்டும் கிழவி ஆயிடுறேன்."

"தலையப் பாருடி, வெள்ளைப் பூண்டு மாதிரி. சாயம் அடிப்போம் வா."

அடித்தார்கள். அடுத்த ஞாயிறு அந்த அட்டைக் கறுப்பு முடிக்குக் கீழே முகம் சுண்ணாம்பாய் வெளுத்துத் தெரிந்தது. பூசை முடிந்து தேவாலயத்தின் அடித்தளக் கூடத்துக்கு வந்தவளைப் பார்த்துப் பாதிரியாரே பதறிவிட்டார்.

"உடம்புக்கு என்னம்மா? முதல்ல உக்காருங்க!"

நாற்காலியில் உட்கார்ந்ததுதான் தப்பு. நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஒரு பெரியவளைக் கண்டால் எங்கள் பிள்ளைகள் சும்மா போவார்களா? வரிசை கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு நெற்றியாக அவள் கைக்கு வந்து போயிற்று. வரிசையின் கடைசி நெற்றி நார்சீசோவுடையது.

எர்மினியா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கை காலியா இருந்தாத்தானே பிடிக்கிறார்?" என்றாள் லூஸ்வி. "ரெண்டு கையிலயும் தட்டைப் பிடிச்சுக்க."

அதற்கடுத்த வாரம் முட்டைப் புட்டிங் செய்து, பெரிய தட்டில் பாகு ததும்பத் ததும்ப இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள். நார்சீசோ நேரே அவளிடம்தான் வந்தார். கையைத் தேடினார். தட்டின் விளிம்புதான் அகப்பட்டது. விடவில்லையே மனிதர்! பக்தியோடு அதையே தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார். பாகு புருவத்தில் இறங்கி, மூக்கில் வழிந்து, சட்டைப் பைக்குள் போயிற்று.

"ஐயையோ!" என்று லூஸ்விதான் அலறினாள். எர்மினியா மீதிப் புட்டிங்கைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டாள். தலைக்கு மேலே பாலத்தில் ரயில் கடகடவென்று போனது. இல்லையென்றால் அவள் விட்ட கேவல் ரூஸ்வெல்ட் அவென்யூ முழுக்கக் கேட்டிருக்கும்.

"தட்டைக்கூட விடலையேடி! என்னைக் கிழவியாக்கணும்னு அப்படி என்ன பிடிவாதம்?"

"அப்போ நீ முந்திக்க," என்றாள் கூடவே வெளியே வந்திருந்த லூஸ்வி. "அவர் கையை நீ பிடிச்சு உன் நெத்தியில வை. அப்புறம் யாரு கிழம்னு ஊரு பாக்கட்டும்."

ரோஷம் வந்தவளுக்கு யோசனை ஏது? குழந்தை ஏசு திருவிழா வந்தது. சிவப்புக் கவுன், குதிகால் செருப்பு, காதில் முத்து. கூடம் நிறைய ஜனம். ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக் காதல் பாட்டைக் கதறிக்கொண்டிருந்தார். எர்மினியா நேரே போய் நார்சீசோவின் கையைப் பறித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டு, பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடும் அந்தக் கணீர்க் குரலில் சொன்னாள்:

"ஆசி தாங்க, பெரியவரே!"

பாட்டு நின்றது. நார்சீசோவின் முகம் காற்றுப் போன பலூன் மாதிரி ஆகிவிட்டது.

"இந்தக் குரலா?" என்றார் மெதுவாக. "இந்தக் குரலா என்னைப் பெரியவரேன்னு கூப்பிடுது?"

சொல்லிவிட்டுக் கதவை நோக்கி நடந்தார். எர்மினியாவுக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. இப்படியே போய்விட்டால் மனிதர் இனி வரமாட்டார், அந்தக் கோழியும் வராது.

"நில்லுங்க! நான் அப்படி நினைச்சுச் சொல்லலை," என்று குதிகால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கதவருகே நார்சீசோ நின்றார். எல்லாரும் கோட்டு மாட்டும் கம்பத்தின் முன்னால் பணிவாகக் குனிந்தார். அதில் தொங்கிய ஒரு கோட்டின் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

"போயிட்டு வரேம்மா."

எர்மினியா வாயைப் பிளந்தாள். பின்னாலேயே ஓடிவந்த மருமகள் திவினா தன் கைப்பையைத் துழாவி, பாட்டில் அடிப்பாகம் போலத் தடித்த ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"இந்தாங்க அக்கா, நீங்களே மாட்டி விடுங்க. கோயில்ல பாடுற அந்தம்மா தன்னைக் கிழவன்னு நினைச்சிடக் கூடாதுன்னு, வந்த நாள்லேர்ந்து மாமா இதை என் பையில ஒளிச்சு வெச்சிட்டு, நீட்டுற கையெல்லாம் பெரியவங்க கைன்னு கும்பிட்டுட்டுத் திரியறார். உங்க முகத்தை இன்னும் ஒரு தடவைகூட அவர் பார்த்ததில்லை!"