றோல் முடியட்டும்

நமது கரையோர ஊர்களில் இப்போது ஒரு புதிய இனம் பெருகி வருகிறது. கல்முனைச் சந்தியில் நின்று நாலு பக்கமும் பார்த்தால் ஒன்றாவது கண்ணில் படும். கழுத்தில் தோல்வார், வாரின் முனையில் கறுப்புப் பை, பைக்குள் கமரா. எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணைச் சுருக்கி, தலையைச் சற்றுச் சரித்து, ஒரு எட்டுப் பின்னால் வைத்து, "ம்ம்" என்று முனகும். பயப்படாதீர்கள், கடிக்காது. படம் பிடிக்கும். பிடித்த படத்தைக் காட்டாது. அதுதான் இந்த இனத்தின் விசேஷம்.

இதன் பிறப்பிடம் சவூதி என்று சொல்லலாம். யாருடைய மச்சானோ அங்கே போய், முதல் லீவில் வரும்போது தங்கச்சிக்குச் சேலை, வாப்பாவுக்கு றேடியோ, தங்கச்சி மாப்பிள்ளைக்கு ஒரு கமரா என்று கொண்டுவந்து இறக்கிவிடுகிறான். சேலை ஒரு பெருநாளோடு பெட்டிக்குள் போய்விடுகிறது. றேடியோ வாப்பாவின் தலைமாட்டில் இருமிக்கொண்டு கிடக்கிறது. கமரா மட்டும் வீட்டில் தங்குவதில்லை. அது மாப்பிள்ளை வேலைசெய்கிற கந்தோருக்கு வருகிறது.

எங்கள் கந்தோருக்கு வந்த கமராவின் சொந்தக்காரர் காலிதீன். எனக்குப் பக்கத்து மேசை எழுதுவினைஞர். நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்ல வாய்ப்புக் கிடைக்காது. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் போய் நிற்பார், வீட்டில் நல்ல மீன் அகப்பட்டால் எங்களுக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு வருவார், கூட்டாளிமாரோடு கழிகிற சின்னச் சின்னச் சந்தோஷங்களையெல்லாம் பிடித்து வைக்கவேண்டும் என்பார். கொள்கை நல்லதுதான். ஆனால் மனிதர் பிடித்தது சந்தோஷத்தின் கழுத்தையல்லவா?

ஒரு கலியாணத்து வலீமா விருந்தைச் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் குந்தியிருந்தோம். நெய்ச்சோற்றில் ஆவி பறக்கிறது, பொரித்த கோழி மேலே குவிந்து கிடக்கிறது, பிஸ்மி சொல்லிக் கையை வைத்தாயிற்று. நிமிர்ந்து பார்த்தால் காலிதீன் கதிரைமேல் நிற்கிறார்.

"அப்படியே இரிங்க. ஒருத்தரும் திங்கப்படா. கவளத்த வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து நிப்பாட்டுங்க."

நிப்பாட்டினோம். அவர் கமராவின் கண்ணாடியைத் துடைத்தார், வளையத்தைத் திருப்பினார், வெளிச்சம் போதாது என்று ஜன்னலைத் திறக்கச் சொன்னார், கூடிவிட்டது என்று பாதியை மூடச் சொன்னார். காரைதீவிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வருகிற நல்லரெத்தினம், எங்கள் கந்தோரின் வாய் என்று பெயர் எடுத்தவர், கவளத்தை வாய்க்குக் கிட்டப் பிடித்தபடி இருந்தார்.

"நல்லரெத்தினம், நீங்க கமராவப் பாக்கல்ல."

"நான் கோழியப் பாக்கிறன். அது ஆறிப்போகுது."

ஆறித்தான் போனது. ஆறின நெய்ச்சோறு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தைப் பார்க்கலாமா என்று கேட்டால்தான் இந்த இனத்தின் உண்மையான குணம் வெளிப்படும். பிலிம் றோல் கொழும்பிலிருந்து வரவேண்டும். ஒரு றோலில் முப்பத்தாறு படம். அதை நெல் விதைக்கிற மாதிரி அள்ளி வீசமுடியுமா? ஒரு கலியாணத்துக்கு ஒன்று, ஒரு பெருநாளுக்கு ஒன்று, மேலதிகாரி இடமாற்றம் பெற்றுப் போனால் ஒன்று, அவர் போன சந்தோஷத்துக்கு இன்னொன்று. இப்படிச் சிக்கனமாகப் போனால் ஒரு றோல் வருஷத்தைத் தாண்டி ஓடும். அதுவரைக்கும் யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"றோல் முடியட்டும்."

தொட்டிலில் கிடத்தி எடுத்த பிள்ளை எழும்பி நடந்து வந்து படத்தைக் கேட்டது. அதற்கும் அதே பதில். மாப்பிள்ளை பொம்பிளையாக நின்று எடுத்தவர்கள் சண்டை பிடித்து, உம்மா வீட்டுக்குப் போய், சமாதானமாகித் திரும்பியும் வந்துவிட்டார்கள். படம் வரவில்லை. நாங்களும் கேலிபண்ணிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில்தான் அப்துல் ஸமட்டுக்குச் சவூதி விசா வந்தது.

ஸமட் எங்கள் கந்தோரில் எல்லோருக்கும் இளையவன். வாப்பா இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை, சாய்ந்தமருதில் ஒரு வீடு, வீட்டில் உம்மா. சபியா உம்மா கையால் சாப்பிடாதவர் எங்கள் கந்தோரில் ஒருவரும் இல்லை. சம்பளமில்லா லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஸமட் போகப் பெட்டி கட்டினான். அவன் கொண்டுபோக ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். உம்மாவின் படம்.

அதிலேதான் சிக்கல். அடையாள அட்டைக்கே படம் எடுக்கச் சம்மதிக்காதவர் சபியா உம்மா. படத்துக்கு நிற்பது கூடாது என்பது அவருடைய முடிவு. அதிலும் ஸ்டூடியோவுக்குப் போய் அந்நிய மனிசன் ஒருவன் முன்னால் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்க, உயிரும் ஹயாத்தும் உள்ளவரை அவர் சம்மதிக்கப்போவதில்லை. ஸமட் கெஞ்சினான், சாப்பிடாமல் இருந்தான், கடைசியில் கண் கலங்கினான். அந்த இடத்தில் உம்மா உடைந்துபோனார்.

"காலிதீன் எடுக்கிறதெண்டா ஒருக்கா நிக்கன். அவன் என்ட கையால சோறு திண்ட புள்ள."

கிணற்றடியில் வைத்து எடுத்தார்கள். நாங்கள் சற்றுத் தூரத்தில், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றோம். வெள்ளைச் சேலை முக்காட்டோடு சபியா உம்மா, பக்கத்தில் புதுச் சேர்ட்டில் ஸமட். உம்மாவின் கண் நிலத்தில் கிடந்தது.

"உம்மா, கொஞ்சம் சிரிச்சாப்போல நில்லுங்க."

"புள்ள கடல் தாண்டிப் போறான். எனக்கு என்ன சிரிப்பு, மகன்?"

காலிதீன் அதற்கும் அசரவில்லை. முகத்தை உயர்த்தச் சொன்னார், முக்காட்டைக் கொஞ்சம் பின்னுக்கு எடுக்கச் சொன்னார், பின்னால் நின்ற முருங்கை ஸமட்டின் தலையில் முளைத்த மாதிரி வரும் என்று இருவரையும் இடம் மாற்றினார். கடைசியில் ஒரு 'கிளிக்' கேட்டது. சபியா உம்மா முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனி ஒருக்காலும் என்னக் கேக்கப்படா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஸமட்டின் முகத்தை அப்போது பார்த்திருக்கவேண்டும். விசா வந்த அன்றுகூட அவன் அப்படிச் சிரிக்கவில்லை.

மறுநாள் கந்தோரில் அவன் காலிதீனிடம், சொந்த அண்ணனிடம் கேட்கிற மாதிரி, மெதுவாகக் கேட்டான். "காக்கா, படம் எப்ப வரும்?"

நீங்கள் நினைப்பது சரி. அதே பதில்தான் வந்தது.

"வெள்ளிக்கிழம பின்னேரம் நான் வெளிக்கிடுறன், காக்கா."

"இன்னும் பதினொரு படம் கிடக்கு, ஸமட். இப்பக் கழட்டினா அவ்வளவும் பாழ். நீயே யோசிச்சுப் பாரு."

ஸமட் யோசித்தான். நல்ல பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டம், யோசிக்கச் சொன்னால் யோசிப்பார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் ஒரு தாயின் முகம், மறுபக்கம் பதினொரு துண்டு வெறும் பிலிம். இந்த மனிதரின் தராசு எப்படிச் சமனாக நிற்கிறது? சண்டைக்கு எழும்பிய என் கையைப் பிடித்து நல்லரெத்தினம் வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"சண்டை பிடிச்சு வேலயில்ல கா. அவர் கழட்டமாட்டார். றோல நாமதான் திண்டு முடிக்கணும்."

அன்றிலிருந்து எங்கள் கந்தோரில் அரசாங்க வேலை நின்றுபோனது. பிரதம எழுதுவினைஞர் கண்ணாடியோடு ஒரு படத்துக்கும் கண்ணாடி இல்லாமல் ஒரு படத்துக்கும் நின்றார். நல்லரெத்தினம் சைக்கிளில் ஏறி நின்றார், இறங்கி நின்றார், பிறகு சைக்கிளைத் தனியாக நிற்க வைத்தார். காணிப் பத்திர விஷயமாகச் சம்மாந்துறையிலிருந்து வந்த ஒரு வயற்காரப் போடியார்கூடத் தப்பவில்லை. சுவரோடு நிற்க வைத்ததும் அவர் தலையைத் தடவி வாரிக்கொண்டு, "இதுக்குப் படமும் வேணுமா சேர்?" என்று கேட்டார்.

"ஓம், புதுச் சட்டம்" என்றார் நல்லரெத்தினம், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

காலிதீனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இத்தனை நாளும் கெஞ்சிப் பிடித்தவர்கள் இப்போது வரிசையில் வந்து நிற்கிறார்களே. உள்ளதைச் சொன்னால் நாங்களும் அந்தக் கிழமை சிரித்ததுபோல் ஒருநாளும் சிரித்ததில்லை. ஒருவனுடைய பெட்டிக்குள் அவன் உம்மாவை வைத்து அனுப்புவதற்காகப் பத்துப் பேர் கோமாளியாக நிற்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதை அனுபவித்தால்தான் தெரியும்.

வியாழக்கிழமை பின்னேரம் முப்பத்தாறாவது படம் எடுத்தாயிற்று. முடிந்ததென்று கைதட்டினோம். காலிதீன் பிலிமை நகர்த்துகிற நெம்பைத் தள்ளிப் பார்த்தார். அது போனது.

"இன்னும் பிலிம் கிடக்கு" என்றார்.

முப்பத்தேழு. முப்பத்தெட்டு. அவர் முகத்தில் ஒரு ஒளி வந்தது. முப்பத்தொன்பதில் எங்களை நிமிர்ந்து பார்த்து, "சில பேர்ட கைக்குத்தான் றோல் இப்படி இழுபடும். பழக்கம் வேணும்" என்று விளக்கம் சொன்னார். படித்தவர்கள் நாங்கள், கணக்கும் எழுத்தும் எங்கள் தொழில். முப்பத்தாறு உள்ள இடத்தில் நாற்பது எப்படி வரும் என்று ஒருவராவது கேட்டோமா? அவருடைய கைராசியை மெச்சிக்கொண்டு நின்றோம். நாற்பதோடு போதும் என்று அவரே கமராவைப் பைக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோருமாக மீராசாஹிபுவின் ஸ்டூடியோவுக்குப் போனோம். மத்தியானத்துக்குள் ஒரு படத்தையாவது கழுவித் தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். கமராவை வாங்கி, பிலிமைத் திரும்பச் சுருட்டுகிற சின்னக் கைபிடியைச் சுற்றினார். சுற்றிவிட்டு, காதில் வைத்துக் கேட்டார். பிறகு, எங்கள் எல்லோர் முன்னாலும், பட்டப்பகல் வெளிச்சத்தில், கமராவின் பின்கதவைத் திறந்தார். காலிதீன் இரண்டு கையாலும் தன் கண்களைப் பொத்திக்கொண்டார். வெளிச்சம் படக்கூடாதது பிலிமா, இவரா?

"கண்ணத் திறங்க தம்பி. பிலிம்ட நுனி பல்லுச் சக்கரத்துல மாட்டுப்படல்ல. போட்ட நாள்ல இரிந்து இது ஒரு சுத்தும் சுத்தல்ல. ஒரு படமும் இல்ல."

ஒரு வருஷத்துக்கு மேலாக நாங்கள் மூச்சை அடக்கி, வயிற்றை இழுத்து, ஆறின சோற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதெல்லாம் ஒன்றும் பிடிக்காத பெட்டிக்கு முன்னால். அது போகட்டும். கிணற்றடியில், தன் மனதுக்கு ஒப்பாத ஒன்றைப் பிள்ளைக்காகச் செய்துகொண்டு நின்றாரே, அந்தத் தாய்? ஸமட்டின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அப்ப றோல் பழுதாகல்லியா?" என்று கேட்டார் காலிதீன்.

"இல்ல. கூட்டுக்குள்ளயே கிடக்கு, புத்தம் புதுசு. திரும்பப் போடலாம்."

அல்லாஹ் அறிய, நான் கண்டதைச் சொல்கிறேன். அந்த மனிதரின் முகத்தில் ஒரு நொடி ஆறுதல் வந்து போனது.

மீராசாஹிபுவைக் கொண்டே றோலைச் சரியாகப் போடுவித்தார். பின்னேரம் நாங்கள் ஸமட்டை வழியனுப்பப் போனபோது, கமராவோடு முதலாளாக நின்றதும் அவர்தான். வாசலில் வான் வந்து நின்றது. லெப்பை துஆ ஓதி முடித்தார். ஸமட் உம்மாவின் முன்னால் போய் நின்று ஸலாம் சொன்னான். உம்மா அவன் இரண்டு கையையும் பிடித்தார். அந்த இடைவெளிக்குள் காலிதீன் புகுந்தார்.

"உம்மா, அண்டைக்கு எடுத்தது சரிவரல்ல. இன்னொருக்கா ரெண்டு பேரும் கிணத்தடிக்கு வாங்க. இப்ப நல்லாப் போட்டிரிக்கி. கெதியா வாங்க, வெளிச்சம் போகப்போகுது."

சபியா உம்மாவுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. "அப்ப இவன் படம் இல்லாமத்தான் போறானா?" என்று கேட்டார். காலிதீன் கமராவை உயர்த்திக் காட்டினார். உம்மாவுக்குக் கோபம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வந்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். வரவில்லை.

"நீ கொஞ்சம் விலகி நில்லு, மகன்" என்றார். "அவன்ட முகம் எனக்குத் தெரியுதில்ல."

காலிதீன் விலகினார். தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. வான்காரன்கூட ஹோன் அடிக்கவில்லை.

நீங்கள் இப்போது காலிதீனை நினைத்து ஏளனமாகச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கமரா நம்மிடம் இல்லையே என்கிற தைரியம் உங்களுக்கு. அது இல்லாமலும் இந்த இனத்தில் சேரலாம், சந்தாவும் கிடையாது. வேளாண்மை வெட்டி முடிந்ததும் வருகிறேன், வீட்டுக்கு ஓடு போட்டதும் ஆறுதலாக வந்து நாலு நாள் நிற்கிறேன் என்று யாருக்கோ சொல்லியனுப்பிவிட்டு, அவர் அங்கே வாசல் கடப்படியைப் பார்த்துக்கொண்டிருக்க, இங்கே கதிரையில் சாய்ந்திருந்து ஊரான் ஒருவனைப் பற்றிய கேலிக் கதையை வாசித்துக்கொண்டிருப்பது யார்?