ருமேனியா வரைக்கும் வந்துவிட்டார்

கதையை நடுவிலிருந்து தொடங்கத் தெரியாத மனித இனம் ஒன்று உண்டு. உப்பு எங்கே என்று கேட்டால், கடல் உண்டான விதத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே கிடக்கிற எங்கள் ஆர்க்னித் தீவுகளில் இந்த இனத்துக்குத் தலைவர் எர்லெண்ட் ஹார்கஸ். அவருக்கு வாய்த்த விஷயம், தீவுக்குத் தீவு எங்களைத் தூக்கிப் போகிற ரெட்டை எஞ்சின் குட்டி விமானத்தின் வரலாறு. இங்கே அது பஸ் மாதிரி. இருமி முடிப்பதற்குள் பக்கத்துத் தீவில் இறங்கிவிடலாம். எர்லெண்டின் தீராத துக்கமே அதுதான். தெற்கே ஒரு தீவில் இரண்டு நண்பர்கள் சேர்ந்து இதை உருவாக்கினார்கள் என்று ஆரம்பித்து, முதலில் பூட்டிய எஞ்சினுக்குத் தெம்பு போதாமல் பெரிதாக மாற்றினார்கள், இறக்கையையும் நீட்டினார்கள் என்று சூடு பிடிக்கிற நேரத்தில் சக்கரம் தரையைத் தொட்டுவிடும். கேட்டவர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடிவிடுவார். வாலில் மூன்றாவது எஞ்சின் வைத்து இன்னொரு ரகம் செய்த கதையை யாரும் கேட்டதில்லை. பிறகு இதை ருமேனியாவில் கட்டிய அத்தியாயமோ அவர் வயிற்றுக்குள்ளேயே கிடந்து புழுங்கியது.

அவருடைய ஒரே மகள் தோராவுக்குப் பக்கத்துத் தீவில் கல்யாணம். வீட்டில் எல்லோரும் முதல் நாளே படகில் போய்விட்டார்கள். இவர் போவாரா? மகளைக் கைப்பிடித்துத் தேவாலயத்துக்குள் அழைத்துப் போகிற தகப்பன் விமானத்தில்தான் வந்திறங்க வேண்டுமாம்.

மறுநாள் விமானி ஷீனா வழக்கம்போல ஒவ்வொருவரிடமும் எடையைக் கேட்டு, விமானம் ஒருபக்கமாகச் சாயாதபடி யார் எங்கே உட்காருவது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பாதிரியார் ஏறிவிட்டார். கடலிலிருந்து மூடுபனி கிளம்பிவிட்டது. அந்த நேரம் பார்த்து, படம் எடுக்க வந்த ஒரு ஜெர்மன்காரர் எர்லெண்டிடம் வாயைக் கொடுத்தார்.

"இது எந்தக் காலத்து விமானங்க?"

இத்தனை வருஷத்தில் தானாக வந்து கேட்ட முதல் ஆள்! எர்லெண்டுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அண்ணே, ஏறுங்க! பனி மூடிடுச்சுன்னா இன்னிக்கு அவ்வளவுதான்."

"இதோம்மா. ருமேனியா வந்துட்டேன்."

"உங்க மக கல்யாணம் ருமேனியாவுலயா நடக்குது?"

"ஒரே நிமிஷம் தாயி! இவராவே கேட்டாரும்மா, இவராவே!"

ஷீனா பனியைப் பார்த்தாள். தகப்பன் இல்லாமல் கல்யாணம் நடக்கும். பாதிரியார் இல்லாமல் நடக்குமா? கதவைச் சாத்தினாள். எஞ்சின் இரண்டும் உறுமியபோது நம் ஆள் என்ன செய்தார் என்கிறீர்கள்? ஜெர்மன்காரருக்குக் காது கேட்கட்டுமே என்று குரலை உயர்த்தினார். காவலாள் ஒருவர் வந்து இருவரையும் வேலிக்கு அப்பால் தள்ளிக்கொண்டு போனார். பேச்சு நிற்கவில்லை.

நிறுத்தியது செல்போன்தான்.

"அப்பா, பிளேன் வந்துடுச்சு, பாதிரியாரும் தேவாலயத்துக்கு வந்துட்டாரு. நீங்க எங்க?"

எர்லெண்ட் நிமிர்ந்து பார்த்தார். ஓடுபாதை இருந்த இடத்தில் வெறும் பனி. கண் கலங்கிவிட்டது அந்த மனுஷருக்கு. "தப்புப் பண்ணிட்டேம்மா. இனிமே பிளேனும் இல்ல, படகும் இல்ல."

தோரா அதற்குள் முடிவு செய்துவிட்டாள். "சரி, அழாதீங்க. போனைக் காதுலயே வெச்சுக்குங்க. நான் இங்க நடக்கறேன், நீங்க அங்க நடங்க. ஆனா ஒரு வார்த்தை பேசக் கூடாது."

நடந்தார். பூச்செருகிய கோட்டோடு, ஈரப் புல்லில், இல்லாத ஒரு கைக்கு முழங்கையை வளைத்துக் கொடுத்தபடி, வாயை இறுக மூடிக்கொண்டு நடந்தார். ஜெர்மன்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

போனில் பாதிரியார் குரல் கேட்டது: "மணப்பெண்ணை ஒப்படைப்பவர் யார்?"

"நான்தான்."

அதோடு விட்டிருக்கலாம். விட்டாரா?

"இவ பொறந்தப்ப ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்குத் தூக்கிட்டு வந்ததே இந்த பிளேன்லதான். அப்ப இதுல என்ன எஞ்சின் இருந்துச்சுன்னா..."

லைன் துண்டிக்கப்பட்டது. பனியால்தான் என்று தோரா இன்றுவரை சாதிக்கிறாள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. ஆனால் நீங்கள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, "அந்தக் காலத்துல..." என்று வாயைத் திறந்ததும், எதிரில் இருப்பவருக்கு அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வருகிறதா? அடுத்த தடவை பின்னாலேயே எழுந்துபோய் எட்டிப் பாருங்கள். அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள்.